காசநோய் மாத்திரையும் கல்லீரலும்: புரோபயாடிக் எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புக்கு இந்தியாவில் முதல் காரணம் காசநோய் மருந்துகள். 2013 முதல் 2018 வரை நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து பதிவுசெய்த 1,288 நோயாளிகளில் 46.4 சதவீதம் பேருக்குக் காரணம் இவைதான். அதனால் "மாத்திரையோடு புரோபயாடிக்கும் சாப்பிட்டால் ஈரல் கெடாது" என்ற பேச்சு டி.பி. நோயாளிகளின் வீடுகளில் எளிதாக எடுபடுகிறது. புரோபயாடிக் என்பது குடலுக்கு நல்லது செய்யும் என்று எடுக்கும் உயிருள்ள கிருமிகள். இந்தப் பேச்சையொட்டி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். குறிப்பிட்டுள்ள அளவுகள் பெரியவர்களுக்கானவை.

புரோபயாடிக் எடுத்தால் கல்லீரல் பாதிக்காது என்பது உண்மையா?

இன்றைக்கு அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. எலிகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்திருக்கின்றன. மனிதர்களில் குடல் தொந்தரவு குறைகிறது என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. மருந்தால் வரும் ஈரல் அழற்சியைத் தடுக்கிறது என்று எந்தச் சிகிச்சை வழிகாட்டியும் அதைப் பரிந்துரைக்கவில்லை.

எடுத்தால் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதலும் இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "அதான் புரோபயாடிக் சாப்பிடுகிறோமே" என்ற தைரியத்தில் வாந்தியோடும் வாய்க்கசப்போடும் பத்து நாள் டி.பி. மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குகிறார்கள். கல்லீரல் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அந்தப் பத்து நாளில்தான்.

கொடுக்கிற நான்கு மருந்தில் எது ஈரலைத் தாக்குகிறது?

மூன்று: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு. நான்காவதான எத்தாம்பியூட்டால் ஈரலுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானது. அதன் பிரச்சினை கண் நரம்பு.

அரசு தரும் கூட்டு மாத்திரை ஒன்றில் ஐசோனியசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மி.கி. இருக்கும். 50 முதல் 64 கிலோ எடையுள்ளவருக்கு தினம் 4 மாத்திரை. இரண்டு மாதம் கழித்து பைரசினமைடு இல்லாத மாத்திரைக்கு மாற்றுவார்கள். ஈரல் பாதிப்பு முதல் இரண்டு மாதங்களில் அதிகமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐசோனியசிட்டை ஈரல் உடைக்கும்போது அசிட்டைல்ஹைட்ரசின், ஹைட்ரசின் போன்ற நச்சுப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றை வெளியேற்றும் பாதையில் நேட்-2 என்ற நொதி இருக்கிறது. பிறவியிலேயே இந்த நொதி மெதுவாக வேலை செய்கிறவர்கள் நம் நாட்டில் பாதிக்கும் மேல். அவர்கள் எல்லோருக்கும் பாதிப்பு வந்துவிடுவதில்லை; ஆனால் வாய்ப்பு கூடுகிறது. ரிஃபாம்பிசின் தானாகச் செய்வது குறைவு, ஐசோனியசிட்டோடு சேரும்போது அதிகம். பழைய ஆய்வுகளைத் தொகுத்த 1991-ஆம் ஆண்டுக் கணக்கில் ஐசோனியசிட் மட்டும் எடுத்தவர்களில் 1.6 சதவீதம், ரிஃபாம்பிசின் மட்டும் எடுத்தவர்களில் 1.1 சதவீதம், இரண்டும் எடுத்தவர்களில் 2.6 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி வந்தது. பைரசினமைடு சேர்ந்தால் இன்னும் கூடும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

தினமும் மது குடிப்பவர்கள், எடை மிகக் குறைந்தவர்கள், ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தவர்கள், வயதானவர்கள், ஹெபடைடிஸ் பி அல்லது சி கிருமி உள்ளவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், ஏற்கெனவே ஈரல் சுருக்கம் இருப்பவர்கள். பெண்களுக்குச் சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

இந்தப் பட்டியலில் யாரும் பேசாத ஒன்று பசி. உடலில் புரதம் குறைந்தால் ஈரலில் குளூட்டத்தையோன் குறைகிறது. மருந்தின் நச்சுத் துணுக்குகளை முறிப்பது அதுதான். 38 கிலோ எடையோடு சிகிச்சை தொடங்குகிறவருக்குப் புரோபயாடிக் வாங்கும் பணத்தில் முட்டை வாங்கிக் கொடுப்பது நல்லது என்று தயங்காமல் சொல்வோம்.

குடலில் இருக்கும் கிருமிக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்?

ஈரலுக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. உணவுச் சத்தோடு, குடல் பாக்டீரியாக்களின் உடைந்த துணுக்குகளும் அதே வழியில் வரும். குடல் சுவரின் செல்கள் நெருக்கமாக இணைந்திருக்கும்வரை வருவது சொற்பம். ஈரலில் காவலிருக்கும் குப்ஃபர் செல்கள் அதை விழுங்கிவிடும்.

ரிஃபாம்பிசின் காசநோய்க் கிருமியை மட்டும் கொல்லும் மருந்தல்ல. குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களில் பலவும் சேர்ந்து அடிவாங்கும். சுவரின் இணைப்புகள் தளர்ந்தால் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு அதிகமாகக் கசிந்து ஈரலுக்குப் போகிறது. அங்கே குப்ஃபர் செல்கள் உசுப்பப்பட்டு அழற்சிப் பொருள்களைக் கொட்டுகின்றன. ஏற்கெனவே ஹைட்ரசினால் நொந்திருக்கும் ஈரல் செல்லுக்கு இது இரண்டாவது அடி. புரோபயாடிக் இந்த இரண்டாவது அடியைக் குறைக்கலாம் என்பதுதான் கருத்து. முதல் அடியை, அதாவது மருந்தே உண்டாக்கும் நச்சை, அது தொடுவதாகச் சொல்ல முடியாது.

எலியில் வேலை செய்தது என்கிறார்களே?

செய்தது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டது நல்ல ஆய்வு. லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. என்ற வகையைக் கொடுத்த எலிகளில், அந்தக் கிருமியோடு தொடர்புடைய ஓர் இண்டோல் பொருள் ஈரலுக்குப் போய் நர்ஃப்-2 என்ற தற்காப்புப் பாதையைத் தூண்டியது. அதிக அளவு பாராசிட்டமால் கொடுத்தபோது அந்த எலிகளின் ஈரல் குறைவாகவே கெட்டது. லாக்டோபேசிலஸ் கேசியை வைத்து, காசநோய் மருந்து கொடுத்த எலிகளிலும் ஆய்வுகள் உண்டு.

மனிதருக்கு இதை அப்படியே பொருத்த முடியாததற்குக் காரணங்கள் இருக்கின்றன. எலிகளுக்குப் புரோபயாடிக்கை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகுதான் நச்சைக் கொடுக்கிறார்கள். அடுத்து, பாராசிட்டமால் அளவு மீறினால் எந்த எலிக்கும் எந்த மனிதருக்கும் ஈரல் கெடும். காசநோய் மருந்து சரியான அளவிலேயே நூறில் சிலரை மட்டும் தாக்குகிறது. யாரை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்து எலிகள் ஒரே மரபு, ஒரே தீனி, ஒரே வயது. நேட்-2 வேகம் மாறுபட்ட, பாதிப்பேர் மெலிந்த, சிலர் குடிக்கிற ஒரு வார்டு நோயாளிகளின் நிலைமையை அங்கே உருவாக்க முடியாது.

மனிதர்களில் நிரூபிப்பது ஏன் சுலபமில்லை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நூற்றுக்கு 5 பேருக்கு வரும் பாதிப்பைப் புரோபயாடிக் பாதியாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஓர் ஆய்வு வழக்கமான உறுதியோடு காட்ட, குழுவுக்கு 900 பேர் வீதம் ஏறத்தாழ 1,800 பேர் தேவை. நூறு பேரை வைத்துச் செய்த ஆய்வில் "பயன் தெரிந்தது" என்று யாராவது சொன்னால் அதை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

அப்படியானால் மனிதர்களில் எதுவுமே இல்லையா?

இரண்டு விஷயம் இருக்கிறது. இரண்டையும் ஈரல் பாதுகாப்பு என்று குழப்பிக்கொள்கிறார்கள்.

சீனாவில் காசநோய் நோயாளிகளுக்கு லாக்டோபேசிலஸ் கேசி சேர்ந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குமட்டல், பசியின்மை போன்ற வயிற்றுத் தொந்தரவுகள் குறைந்தன. அது வயிற்றுக்கான பலன்.

இன்னொன்று சண்டிகரில் ஈரல் சுருக்க நோயாளிகள் 130 பேரிடம் நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு. பல கிருமிகள் சேர்ந்த கலவையைத் தினம் 90,000 கோடி என்ற பெரிய அளவில் 6 மாதம் கொடுத்தார்கள். ஈரல் கோளாறால் நினைவு தடுமாறி மருத்துவமனையில் சேர்வது புரோபயாடிக் குழுவில் குறைந்தது. இது மருந்தால் வரும் திடீர் அழற்சி அல்ல, முற்றிய ஈரல் நோய். அளவும் கடையில் கிடைக்கும் சாதாரண கேப்சூலைப்போலப் பல நூறு மடங்கு.

ரிஃபாம்பிசின் புரோபயாடிக்கையே கொன்றுவிடாதா?

கேட்க வேண்டிய கேள்வி. லாக்டோபேசிலஸ் வகைகள் பெரும்பாலும் ரிஃபாம்பிசினுக்கு மடிந்துபோகும். ஐசோனியசிட்டும் பைரசினமைடும் அவற்றைத் தொடுவதில்லை. பிரச்சினை ரிஃபாம்பிசின் மட்டும்.

சாக்கரோமைசஸ் பவுலார்டி ஒரு ஈஸ்ட். பாக்டீரியாவுக்கான மருந்து அதைக் கொல்லாது. ஆனால் ஃபுளுகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி எடுத்தால் அது வீண்.

பேசிலஸ் கிளாசி விதைத்துகள்களாக வருகிறது, 5 மி.லி. குப்பியில் 200 கோடி துகள்கள். நான்கு உபவகைகளின் கலவையாக விற்கும் தயாரிப்பில் ஒன்றின் பெயர் என்/ஆர். நோவோபயோசின், ரிஃபாம்பிசின் இரண்டையும் தாங்கும் என்பதால் அந்த எழுத்துகள். அதனால் டி.பி. மருந்தோடு கொடுக்க இதைச் சில மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். வாதம் சரிதான், ஆனால் ரிஃபாம்பிசினைத் தாங்கி உயிரோடிருப்பது ஒன்று, ஈரலைக் காப்பது இன்னொன்று.

எடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். எப்படி எடுப்பது?

முதலில் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறகு நேரம்.

டி.பி. மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்குவது வழக்கம், ஏனென்றால் சாப்பாடு ரிஃபாம்பிசின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ரத்தத்தில் ரிஃபாம்பிசின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். பித்தத்தின் வழியாகவும் அது குடலுக்குத் திரும்பி வரும். எனவே பாக்டீரியா வகைப் புரோபயாடிக்கை இரவுச் சாப்பாட்டோடு எடுப்பது புத்திசாலித்தனம். காலையில் மாத்திரையோடு சேர்த்து விழுங்குவது காசைக் கரைப்பது. விதைத்துகள் வகைக்கும் ஈஸ்ட்டுக்கும் நேரம் அவ்வளவு முக்கியமில்லை. ஈஸ்ட் கேப்சூல் பொதுவாக 250 மி.கி. அளவில் வருகிறது.

வாங்கும்போது அட்டையில் மூன்று பெயர் இருக்கிறதா பாருங்கள்: பேரினம், சிற்றினம், அதற்குப் பின்னால் உபவகையைக் குறிக்கும் எழுத்தோ எண்ணோ. "லாக்டோபேசிலஸ் கலவை" என்று மட்டும் போட்டிருந்தால் அது எந்த ஆய்விலும் பார்க்கப்பட்ட பொருளா என்றே சொல்ல முடியாது. 2020-இல் லாக்டோபேசிலஸ் குடும்பத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டதால், ராம்னோசஸ் என்பது சில அட்டைகளில் லாக்டிகேசிபேசிலஸ் ராம்னோசஸ் என்று இருக்கும், பொருள் ஒன்றுதான். உயிருள்ள கிருமிகளின் எண்ணிக்கை காலாவதி நாள்வரைக்குமானதா, தயாரித்த நாளுக்கானதா என்பதையும் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி புரோபயாடிக் உணவு என்று விற்க, ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள கிருமிகள் இருக்க வேண்டும்.

குளிர்சாதனத்தில் வைக்கச் சொல்லியிருக்கும் தயாரிப்பு மே மாத வெயிலில் மருந்துக்கடை அலமாரியில் கிடந்தால் வாங்காதீர்கள். வீட்டில் அதைச் சுடுநீரிலோ சூடான பாலிலோ கலக்காதீர்கள்.

தயிர் போதாதா?

குடலுக்கு என்றால் தயிர் நல்ல உணவு. புரதமும் சேர்ந்து வருகிறது, விலையும் குறைவு. ஆனால் வீட்டுத் தயிரில் எந்தக் கிருமி, எவ்வளவு என்பது உறைமோருக்கு உறைமோர் மாறும். அதனால் "இந்த வகை இவ்வளவு" என்று ஆய்வில் சொன்ன பலனை அதற்குப் பொருத்த முடியாது. கொதிக்கவிட்ட மோர்க்குழம்பில் உயிருள்ள கிருமி எதுவும் மிஞ்சாது. பழைய சோற்றுத் தண்ணீரும் அப்படித்தான்: குடிக்கலாம், கணக்குச் சொல்ல முடியாது. எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்கள் நாள்பட்ட நீராகாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

தயிரில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஈரல் பாதிப்பு வந்து மருந்தை மாற்றும்போது லீவோஃபிளாக்சசின் சேர்ப்பார்கள். பால் பொருள்களில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்த வகை மருந்துகள் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும். அந்த மாத்திரைக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் தயிர், பால், அமிலம் முறிக்கும் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை வேண்டாம்.

யார் புரோபயாடிக் எடுக்கவே கூடாது?

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள், கழுத்திலோ மார்பிலோ பெரிய சிரைக்குள் குழாய் பொருத்தப்பட்டவர்கள், புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் வீழ்ந்தவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத எச்.ஐ.வி. உள்ளவர்கள். இவர்களுக்கு அந்தக் கிருமியே ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். சாக்கரோமைசஸ் ஈஸ்ட்டில் இது நன்றாக அறியப்பட்ட ஆபத்து. அருகில் இருக்கும் நோயாளிக்குக் கேப்சூலைப் பிரித்துக் கொட்டியபோதுகூடக் கைவழியாகக் குழாய்க்குப் பரவியிருக்கிறது.

"கெடுதல் என்ன வந்துவிடப்போகிறது" என்பவர்களுக்கு நெதர்லாந்தில் நடந்து 2008-இல் வெளியான கணைய அழற்சி ஆய்வைச் சொல்ல வேண்டும். கடுமையான கணைய அழற்சி நோயாளிகளில் புரோபயாடிக் பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். பெறாத 144 பேரில் இறந்தவர்கள் 9. வீட்டில் நடமாடும் காசநோய் நோயாளிக்கு இந்த எண்கள் பொருந்தாது. ஈரல் செயலிழந்து படுக்கையில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து கொண்டுபோய் ஊற்றிக் கொடுப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

சிறுநீர் சிவப்பாகப் போகிறது. காமாலையா?

பெரும்பாலும் இல்லை. ரிஃபாம்பிசின் சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாவற்றையும் ஆரஞ்சு சிவப்பாக்கும். மாத்திரை விழுங்கிய சில மணி நேரம் நிறம் தூக்கலாக இருக்கும், மாலைக்குள் வெளிறும்.

காமாலைச் சிறுநீர் கடுந்தேநீர்போல இருக்கும். காலை, மாலை, இரவு எந்நேரமும் அதே நிறம். சந்தேகம் வந்தால் மறுநாள் விடிகாலையில், மாத்திரைக்கு முன்பு போகும் சிறுநீரைப் பாருங்கள். கண் வெள்ளையைச் சூரிய வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்து யாரும் முடிவு செய்ய முடியாது. கண் மஞ்சளானால் நிறத்தைப் பற்றிய விவாதம் அத்தோடு முடிந்தது, அன்றே ரத்தப் பரிசோதனை.

மாத்திரை தொடங்கியதிலிருந்து குமட்டல். இது சாதாரணமா, ஈரலா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

வயிற்று எரிச்சலால் வரும் குமட்டல் பொதுவாக முதல் ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்கும். மாத்திரை விழுங்கிய கொஞ்ச நேரத்தில் வரும், மதியத்துக்குள் அடங்கும், பசி எடுக்கும், சாப்பிட முடியும்.

ஈரல் அழற்சியின் குமட்டல் நாள் முழுக்க இருக்கும். சோற்றைப் பார்த்தாலே பிடிக்காது. புகை பிடிப்பவருக்குப் புகைகூடக் கசக்கும். வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கும். உடம்பு அசந்துபோகும். நன்றாக இருந்தவருக்கு மூன்றாவது, நான்காவது, ஆறாவது வாரத்தில் திடீரென்று இது வந்தால் காமாலை தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. கண் மஞ்சளாவது கடைசியில்தான் வரும்.

இந்த இடத்தில்தான் புரோபயாடிக் வழி தவற வைக்கிறது. "வயிறு சரியில்லை" என்று மருந்துக்கடையில் சொன்னால் ஓர் அமில மருந்தும் ஒரு புரோபயாடிக்கும் கையில் வரும். ஒரு வாரம் ஓடிவிடும். கடைக்காரர் கேட்காவிட்டாலும் "டி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். நாள் முழுக்கக் குமட்டினால் அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன்பு சுகாதார நிலையத்துக்குப் பேசி, அன்றோ மறுநாளோ ஈரல் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எஸ்.ஜி.பி.டி. 95 என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

எஸ்.ஜி.பி.டி. என்பது ஈரல் செல்கள் கெடும்போது ரத்தத்தில் ஏறும் நொதி. வழக்கமான மேல் எல்லை 40 என்றால் 95 என்பது இரண்டரை மடங்கு. ஐசோனியசிட் எடுப்பவர்களில் கணிசமானவர்களுக்கு முதல் வாரங்களில் இப்படி லேசாக ஏறி, மருந்து தொடரும்போதே தானாக இறங்கும். ஈரல் பழகிக்கொள்கிறது. அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் மருந்தை நிறுத்தாமல், ஒரு வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். (அந்த வாரத்தில் யாரோ கொடுத்த புரோபயாடிக்கோ கஷாயமோ உள்ளே போயிருந்தால் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். "எண் இறங்கிவிட்டது பாருங்கள்" என்ற பல சாட்சியங்களின் பின்னால் இருப்பது இதுவே.)

நிறுத்தும் எல்லைகள்: குமட்டல், வாந்தி, வயிற்றுவலி போன்ற அறிகுறி இருந்தால் மேல் எல்லையைப்போல 3 மடங்கு, அதாவது 120. அறிகுறியே இல்லாவிட்டாலும் 5 மடங்கு, அதாவது 200. காமாலை தெரிந்தால் எண்ணைப் பார்க்காமலே நிறுத்துவார்கள். எஸ்.ஜி.பி.டி. 3 மடங்குக்கு மேலும் காமாலை நிறமியான பிலிரூபின் 2 மடங்குக்கு மேலும் சேர்ந்து ஏறினால் பத்தில் ஒருவருக்கு உயிராபத்து என்பது மருத்துவத்தில் நெடுநாளாக வைத்திருக்கும் கணக்கு. அப்போது ரத்த உறைவைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தூக்கம் தலைகீழாவது, பேச்சு குழறுவது, கை நடுங்குவது தெரிந்தால் நேரே பெரிய மருத்துவமனை.

சிகிச்சைக்கு முன்பே ஒரு ஈரல் பரிசோதனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது? ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

நிறுத்திய பிறகு என்ன செய்வார்கள்?

ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ பரிசோதனை கேட்பார்கள். டி.பி. மாத்திரை சாப்பிடும்போது வந்த காமாலை எல்லாம் மாத்திரையால் வந்ததல்ல. கெட்ட தண்ணீரில் வரும் ஏ, ஈ வகைகள் நம் ஊரில் சாதாரணம்.

நோய் முற்றியிருந்தால் இடைக்காலத்தில் எத்தாம்பியூட்டால், லீவோஃபிளாக்சசின், ஊசியாக அமிக்காசின் அல்லது ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்து ஈரலுக்கு ஓய்வு தருவார்கள். எஸ்.ஜி.பி.டி. மேல் எல்லையின் 2 மடங்குக்குக் கீழே வந்து அறிகுறிகளும் போன பிறகு மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார்கள். வழக்கமான வரிசையில் முதலில் ரிஃபாம்பிசின். 3 முதல் 7 நாள் பார்த்து, பரிசோதனை சரியாக இருந்தால் ஐசோனியசிட். மறுபடி பரிசோதனை. பைரசினமைடு கடைசியில், காமாலையோடு கடுமையாக வந்திருந்தால் அதைத் திரும்பக் கொடுப்பதே இல்லை. அப்படி விட்டுவிட்டால் மொத்தச் சிகிச்சை 9 மாதமாக நீளும்.

இதற்குக் கூட்டு மாத்திரை உதவாது, தனித்தனி மாத்திரைகள் வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் கூட்டு மாத்திரையில் ஒன்றை மட்டும் "கொஞ்சமாகத் தொடங்கிப் பார்ப்போம்" என்று விழுங்கினால் மூன்று நச்சும் ஒன்றாக உள்ளே போகும், போதாத அளவில் நோய்க்கிருமி மருந்துக்கு மசியாததாகவும் மாறலாம். திரும்பத் தொடங்கும் இந்த வாரங்களில் புரோபயாடிக் உட்பட எந்தப் புதுப் பொருளையும் சேர்க்காதீர்கள். எண் ஏறினால் எதனால் என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

கீழாநெல்லி, சீந்தில், சிலிமரின்?

கீழாநெல்லிக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் இங்கே செய்த ஹெபடைடிஸ் பி ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வந்து உலகம் திரும்பிப் பார்த்தது. பிற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படியானாலும் அது வைரஸ் பற்றியது, மருந்து நச்சைப் பற்றியதல்ல. மருந்தை நிறுத்தினாலே பெரும்பாலான ஈரல்கள் தேறிவிடும். கீழாநெல்லி குடித்தவர் கீழாநெல்லியால் தேறியதாக நினைப்பது இயல்பு.

சீந்தில் வேண்டாம். 2021-இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் எடுத்தவர்களுக்கு வந்த ஈரல் அழற்சியைப் பதிவு செய்தார்கள். மேலே சொன்ன 1,288 பேர் பதிவிலும் மூலிகை, மாற்று மருந்துகளுக்கு 13.9 சதவீதப் பங்கு இருக்கிறது. சிலிமரின் என்ற மூலிகைச் சாற்றில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்.

என்-அசிட்டைல்சிஸ்டீன் பற்றிச் சொல்லுங்கள்.

பாராசிட்டமால் அளவு மீறலுக்கு இது நிரூபிக்கப்பட்ட முறிவு மருந்து. சீக்கிரம் கொடுத்தால் உயிர் காக்கும். அங்கே புரோபயாடிக்குக்கு இடமே இல்லை. காசநோய் மருந்தில், ஈரானில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஒரு சிறு ஆய்வில் 600 மி.கி. தினம் இரண்டு வேளை கொடுத்தபோது நல்ல தடுப்பு தெரிந்தது. பாதிப்பு வந்த பிறகு ஊசியாகக் கொடுத்துப் பார்த்த தென்னாப்பிரிக்க ஆய்வில் எஸ்.ஜி.பி.டி. இறங்கும் வேகம் கூடவில்லை. மருத்துவமனையில் இருந்த நாள்கள் மட்டும் குறைந்தன. மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய மருந்து.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாமா? எப்போதாவது ஒரு குவார்ட்டர்?

பாராசிட்டமால் தேவைப்பட்டால் 500 மி.கி., குறைந்த நாள்களுக்கு. ஒரு நாளில் 2 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. சளி மாத்திரைகளிலும் உடம்புவலி மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும், சேர்த்துக் கணக்கிடுங்கள். மது, சிகிச்சை முடியும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். புரோபயாடிக் எடுத்து ஈடுகட்டுவது என்று ஒன்று கிடையாது.

சாப்பாட்டில் வேறு கவனம்?

சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களும் பாலாடைக்கட்டியும் ஐசோனியசிட் எடுக்கும் சிலருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கச் செய்யும். இது ஈரல் கோளாறு அல்ல. அந்த மீனைத் தவிர்த்தால் போதும்.

எடை ஏறுவதே நல்ல அறிகுறி. தினம் இரண்டு முட்டை, பருப்பு, சுண்டல், நிலக்கடலை என்று புரதத்தைக் கூட்டுங்கள். காசநோயாளிகளின் சத்துணவுக்கு அரசு பணம் தரும் நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் மாதம் தரும் தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டவுடனே எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு பார்த்து, மோசமாக இருப்பவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். சேரச் சொன்னால் மறுக்காதீர்கள்.

வீட்டில் இன்னொருவருக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவருக்குப் புரோபயாடிக் வேண்டுமா?

வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் எடுக்கும் ஐசோனியசிட், ரிஃபாபென்டின் முறையில் ஈரல் பாதிப்பு குறைவு: 2011-இல் வெளியான பெரிய ஆய்வில் 0.4 சதவீதம், 9 மாதம் ஐசோனியசிட் எடுத்தவர்களில் 2.7 சதவீதம். அந்த நாளில் வாந்தியோ, அடுத்தடுத்த நாள்களில் பசியின்மையோ இருந்தால் அடுத்த வார மாத்திரைக்கு முன்பு சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கண் மஞ்சளானால் யாரைக் கேட்பது?

டி.பி. மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு, அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிகிச்சை அட்டை, இதுவரை எடுத்த பரிசோதனைத் தாள்கள், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளும் புரோபயாடிக் டப்பாவும் கஷாயப் பாட்டிலும் உட்பட ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். தேசிய காசநோய் உதவி எண் 1800-11-6666. திங்கட்கிழமை காலை உங்கள் சிகிச்சை மேற்பார்வையாளரிடம் மாத்திரை நிறுத்தியிருப்பதைத் தெரிவியுங்கள்; இல்லாவிட்டால் பாதியில் விட்டவர் என்று பதிவாகிவிடும்.